முன்கூட்டியே ஒரு ஸ்தோத்திரம்

திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இடம் பிடித்து உட்கார்ந்த ஷைனி, கல்லூரிக்குத் திரும்பும் வளைவு வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

வளைவில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, அவளே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளெக்ஸ் பேனர். லாரியின் பக்கவாட்டை அளவெடுத்து அடித்த மாதிரி அகலம். பின்னணியில் பனிமலை, அருவி, இரண்டு ஆட்டுக்குட்டிகள். நடுவில் பட்டமளிப்பு அங்கியில் ஷைனி. தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில், "பேராசிரியராகப் பதவி உயர்வு பெற்ற எங்கள் மண்ணின் மகள் டாக்டர் ஷைனி எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. அவர்களுக்காகக் கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்." கீழே ஓரத்தில், கைகூப்பியபடி ஒரு அம்மாள், காதில் செல்போனை வைத்தபடி ஒரு மீசைக்காரர். இவண் பீட்டர், சின்னப்பொண்ணு, சிப்காட், கும்மிடிப்பூண்டி.

பதவி உயர்வு "பெற்ற"வளாம். நேர்முகத் தேர்வே இனிமேல்தான்.

"மேடம், இது நீங்களா? சொல்லவே இல்ல பாத்தீங்களா" என்றார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் அவளையும் பேனரையும் மாற்றி மாற்றிப் பார்த்து. உள்ளே நெருக்கிக்கொண்டிருந்த மாணவிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஷைனி ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்று யோசித்தாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் ஒரே ஒரு பேராசிரியர் இடம். போட்டிக்கு இருவர். ஒருத்தி நம் ஷைனி. ரொமான்டிக் கவிதை பற்றிப் புத்தகம் எழுதிய விமர்சகி. வெளியூர் கருத்தரங்குகளில் அவள் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள். உள்ளூரில் ஆண்டுவிழா அழைப்பிதழுக்குப் பிழை திருத்தத்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொருத்தி ஜோதிலட்சுமி, பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரி. ஷைனிக்குக் கிடைத்தால் எம்.ஏ.வில் ரொமான்டிக் கவிதைப் பாடம் தப்பிக்கும். ஜோதிலட்சுமிக்குக் கிடைத்தால் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு, "இன்டர்வியூவில் ஜெயிப்பது எப்படி" என்று ஒன்றை வைப்பதாக நிர்வாகம் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறது. ஷைனி மீதி சர்வீஸ் முழுக்க, "மே ஐ கம் இன்" சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்த ஒரு அண்ணன் செய்கிற காரியமா இது?

அண்ணன் பேனருக்கு அடியிலேயே நின்றிருந்தான். இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். நைட் ஷிப்ட் முடித்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், கும்மிடிப்பூண்டியிலிருந்து அம்மாவையும் பேனரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். தூக்கமில்லாத கண்ணில் அப்படியொரு வெளிச்சம்.

"எப்டி கீது?" என்றான்.

"இன்னாண்ணா இது?"

"நல்லா இல்லியா? ஆட்டுக்குட்டி வேணாம்னுதான் சொன்னேன். கடக்காரன் மலைக்கு அது ப்ரீன்னு சொல்லி வச்சிட்டான்."

"ஆட்டுக்குட்டிய யாரு கேட்டா? எனக்கு இன்னும் கெடைக்கவே இல்லண்ணா. இன்னிக்கிதான் இன்டர்வியூ. பத்து வாட்டி சொல்லிகிறேன் உன்கிட்ட."

"தெரியும். அதுக்குத்தான வச்சிகிறேன்."

ஷைனிக்கு மண்டை காய்ந்தது. யாருக்குத்தான் காயாது? அவள் அம்மா பக்கம் திரும்பினாள். சின்னப்பொண்ணு கஞ்சி போட்ட புடவையில், பேனரில் உள்ள அதே புடவையில், பையை மார்போடு அணைத்தபடி சாந்தமாக நின்றாள்.

"கெடச்சப்புறம் ஸ்தோத்திரம் சொல்றது எல்லாரும் சொல்றதுதான் கண்ணு. கெடைக்கறதுக்கு முன்னாடி சொல்றதுதான் விசுவாசம்னு பாஸ்டர் சொன்னாரு."

"மனசுக்குள்ள சொல்லக்கூடாதா அத?"

"மனசுக்குள்ள சொன்னா அது எப்டி சாட்சி ஆவும்?"

அவர்கள் சபையில் இது வழக்கம்தான். பரீட்சை முடிவு வருமுன்பே கேக் வெட்டுவார்கள். பத்திரம் பதியுமுன்பே காலி மனையில் நின்று பாட்டுப் பாடுவார்கள். நடந்துவிட்டதாகவே நம்பி நன்றி சொன்னால் நடந்துவிடும் என்று அவர்களுக்கு நிச்சயம். இதுவரை அந்த நிச்சயம் சபையின் நாலு சுவருக்குள்ளேயே இருந்தது. அதை ஃப்ளெக்ஸில் அடித்து, தேர்வுக் குழு வருகிற வழியில் கட்டிய பெருமை பீட்டரையே சேரும்.

"கழட்டுண்ணா. இப்பவே."

"இப்ப முடியாதே."

"இன்னாத்துக்கு முடியாது?"

"மில்லு கம்பி வச்சி முறுக்கிகிறேன். கட்டிங் பிளேயர் இல்லாம அவுராது. பிளேயரு, ஏணி எல்லாம் குட்டியானைலயே திரும்பிப் போச்சு." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. "புயலே வந்தாலும் நிக்கும் ஷைனி."

"உன்ன வச்சிகினு நான் இன்னாதான் பண்றது?"

"கோச்சிக்காத. சாப்ட்டியா நீ? அம்மா இட்லி கொண்டாந்துகீது."

அப்போதுதான் வெள்ளைக் கார் ஒன்று வளைவில் திரும்பியது. பேனருக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. பின்சீட் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முகம் மேலே பார்த்தது, கீழே பார்த்தது, பேனரில் இருக்கிற மூன்று பேரும் ரோட்டிலும் நிற்பதைப் பார்த்தது. கண்ணாடி ஏறியது. கார் கல்லூரிக்குள் போனது.

ஷைனி நடந்தே உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பிரின்ஸிபால் தணிகைவேல் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினை வந்தாலும் அதில் தன் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கே பாதி ஆயுளைச் செலவழித்தவர். ஷைனியை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலேயே ஆரம்பித்தார்.

"மேடம், சேர்மன் பேனரைப் பாத்துட்டார். முடிவை நாங்க முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டோம்னு நினைக்கிறார். கமிட்டியே கண்துடைப்பான்னு என்னைக் கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

"எங்க வீட்ல ஆர்வத்துல பண்ணிட்டாங்க சார். அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"வீட்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குத் தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் தெரியும்னுதான் அர்த்தம். உள்ள போனதும் ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பேனர் வச்சவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு. விஷயம் முடிஞ்சுது."

"அதுல எங்கம்மா போட்டோ இருக்கு சார்."

"இருக்கட்டுமே. இந்தக் காலத்துல யார் போட்டோவை வேணா யார் வேணா போடறாங்க."

"எங்கம்மா சார் அது."

"ஒரு நாளைக்குத்தானே மேடம்? ஒரு வார்த்தைக்காக இவ்வளவு வருஷப் படிப்பை விட்டுடுவீங்களா?"

ஷைனி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கதவருகே ஜோதிலட்சுமி தன் முறைக்காகக் காத்து நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்று அவள் முகமே சொன்னது.

"சொல்லிடுங்க ஷைனி" என்றாள் மெதுவாக. "எனக்குச் சாதகமான விஷயம்தான், இருந்தாலும் சொல்றேன். பேனரால ஜெயிச்சேன்னு எனக்குப் பேர் வேண்டாம்."

"சொல்ல மாட்டேன் மேடம்."

"அப்ப அவங்களாவது..." என்று ஆரம்பித்த ஜோதிலட்சுமி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஷைனி மாடியில் துறை அறைக்குப் போய் உட்கார்ந்தாள். தான் எழுதிய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரிக்கத் தோன்றவில்லை. இந்தப் புத்தகத்துக்காக எத்தனை பேரிடம் எத்தனை கேள்வி! எம்.ஃபில். வழிகாட்டி கேட்டார், நீ ஏம்மா ரொமான்டிக் கவிதை, உங்க ஜனங்களப் பத்தி எழுதினா சீக்கிரம் வேலை கிடைக்குமே என்று. பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். கல்யாணத்தில் கேட்டார்கள். காதல் கவிதையா மேடம் என்று கண்ணடித்தவர்கள் தனிக் கணக்கு. எல்லாருக்கும் சிரித்தபடி பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தாடையே வலி கண்டுவிட்டது. இன்றைக்கு இந்த ஒரு நாளாவது அவள் கவிதையைப் பற்றி மட்டும் பேசியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான் பாவி.

கோபம் அடங்காமலே இருந்தது. ஆனாலும் யாரென்று தெரியாது என்று சொல்ல வாய் வராது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஆசீர்வாதம் இறந்தபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பீட்டர், புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு, அப்பா வேலை பார்த்த அதே உருக்காலைக்குப் போனான். அன்றிலிருந்து இன்றுவரை அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

அட்டெண்டர் லோகு வந்து, "மேடம், ஜோதி மேடம் முடிஞ்சி, டீ பிரேக்கும் முடிஞ்சி போச்சு. உங்கள வரச் சொல்றாங்க" என்றார்.

உள்ளே சேர்மன், பிரின்ஸிபால், வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை. காரில் கண்ணாடியை இறக்கிப் பார்த்த முகம் அந்த அம்மையாருடையதுதான். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், நமக்காகத் தமிழில் சொல்கிறேன்.

சேர்மன் சுற்றி வளைக்கவில்லை. "வாசலில் பேனர் வைத்தவர்கள் யார்?"

பிரின்ஸிபால் ஷைனியையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முழு மன்றாட்டு இருந்தது.

"என் அண்ணன்" என்றாள் ஷைனி. "பக்கத்தில் இருப்பது என் அம்மா."

சேர்மன் பேனாவைக் கீழே வைத்தார். "நிச்சயமாகவா?"

"இது என்ன கேள்வி சார்? என் அண்ணனை எனக்குத் தெரியாதா?"

பிரின்ஸிபால் ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். சேர்மன் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்கள் தங்களுக்குள் பார்வை பரிமாறிக்கொண்டதை ஷைனி கவனித்தாள், அர்த்தம்தான் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் முழிப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"முடிவு யாருக்கும் தெரியாது சார். எங்கள் சபையில் கிடைக்கும் முன்பே நன்றி சொல்லுவார்கள். அது அவர்கள் நம்பிக்கை. இடம் தவறு, நாள் தவறு. நான் திட்டிவிட்டேன், இன்னும் திட்டுவேன். ஆனால் அவர்கள் யாரென்று தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது."

பேராசிரியை முதல் முறையாக வாயைத் திறந்தார். "நீங்கள் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டையில் வளர்ந்தவர். நீங்கள் ஏன் ரொமான்டிக் கவிதை?"

வந்துவிட்டது. இந்த முறை ஷைனி சிரிக்கவில்லை.

"இதே கேள்வியை ஜோதிலட்சுமி மேடத்திடம் கேட்டீர்களா மேடம்? நீங்கள் ஏன் இதைப் படித்தீர்கள், உங்கள் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று? கேட்டிருக்க மாட்டீர்கள். என்னிடம் மட்டும் எல்லாரும் கேட்கிறார்கள். சரி, பதில் சொல்கிறேன். அந்த பேனரில் பனிமலை இருந்ததே, பார்த்தீர்களா?"

"பார்த்தேன். அதற்காகத்தான் கண்ணாடியை இறக்கினேன்."

"எங்கள் காலனியில் எல்லார் வீட்டிலும் அந்த மலை இருக்கும். சபை காலண்டரில் வரும். ஜன்னலைத் திறந்தால் உருக்காலைப் புகை, சுவரில் பனிமலை. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். ரொமான்டிக் கவிஞர்கள் மலையைப் பாடியபோது அவர்கள் தேசத்திலும் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன. விமர்சகர்களில் பாதிப் பேர் அதைத் தப்பித்து ஓடுவது என்கிறார்கள், மீதிப் பேர் தரிசனம் என்கிறார்கள். புகைக்குள் குடியிருந்து பார்த்தால் ரெண்டும் இல்லை. அப்பா அந்த மலையைப் பார்த்தது ஓடிப்போவதற்கு இல்லை மேடம். இங்கே ஏன் இப்படி இல்லை என்று கேட்பதற்கு. அந்தக் கவிதைகளிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. என் புத்தகம் முழுக்க அதைத்தான் வரி வரியாகக் காட்டியிருக்கிறேன்."

"இரண்டாவது அத்தியாயத்தில் நீங்கள் சொல்வது எனக்குச் சம்மதமில்லை" என்றார் அந்த அம்மையார்.

படித்திருக்கிறார்! ஷைனி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அதன்பிறகு அங்கே நடந்தது தேர்வு இல்லை, சண்டை. அருமையான சண்டை. அவர் ஒன்று சொல்ல, இவள் மறுக்க, அவர் மேஜையைத் தட்ட, இவள் புத்தகத்தைப் பிரித்துக் காட்ட, சேர்மனுக்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். இந்தக் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து ஷைனியோடு அவள் பாடத்தைப் பற்றி ஒருவரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. முடிந்து எழுந்தபோது, அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உங்கள் மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்றார்.

வெளியே வந்த ஷைனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிடைத்துவிடும் என்று உள்ளே ஏதோ சொன்னது. பேனர் பேரில் இருந்த கோபம்கூடப் பாதியாகிவிட்டது.

கேன்டீனில் அம்மாவும் பீட்டரும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பீட்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். காலையிலிருந்த வெளிச்சம் முகத்தில் இல்லை.

"இன்னா கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க. நல்லா போச்சுண்ணா. பேனரப் பத்தியும் கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்லுவேன்? எங்க அண்ணன்தான் வச்சாருன்னு சொன்னேன். கிறுக்கு அண்ணன்னு சொல்லல, அது ஒண்ணுதான் கொறச்சல்."

பீட்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். "அய்யய்யோ ஷைனி" என்றான்.

"இன்னா ஆச்சு?"

"அந்த ஜோதி மேடம் வந்துச்சு. உங்களால உங்க தங்கச்சிக்கு இந்த வேலை கெடைக்காமப் போவப்போவுது, உங்கள யாருன்னு தெரியாதுன்னு சொல்லச் சொன்னா அது சொல்ல மாட்டேங்குதுன்னு சொல்லிச்சு. நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அதான்..."

"அதான்?"

"அவங்க டீ குடிச்சிகினு இருக்கசொல்ல நான் உள்ள போயி, நானே சொல்லிட்டேன். அந்த மேடம் யாருன்னே எனக்குத் தெரியாது சார், நான் அவங்க ரசிகன், போட்டோ நெட்ல எடுத்தேன்னு."

"ரசிகனா?"

"கட்டுரை எல்லாம் படிப்பேன்னு சொன்னேன். எங்க காலனில மன்றம் வச்சிகிறோம்னு சொன்னேன்."

விமர்சகிக்கு ரசிகர் மன்றம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். ஷைனிக்குச் சிரிப்பதா, அவன் தலையில் டீயைக் கொட்டுவதா என்று தெரியவில்லை. சேர்மன் பேனாவைக் கீழே வைத்ததும் பிரின்ஸிபால் தண்ணீர் குடித்ததும் இப்போது புரிந்தது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு, அண்ணன் தங்கை இருவரில் ஒருவர் பொய் சொன்னது தெரிந்துபோயிற்று.

"எதுக்குண்ணா இப்டி பண்ற? உன்ன யாரு கேட்டா?"

"சொல்றப்ப இங்க ஒரு மாதிரி ஆயிடுச்சு ஷைனி." பீட்டர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "அவங்க நம்பாத மாதிரி பாத்தாங்க. அதான் பைபிள் மேல கைய வச்சி சத்தியம் பண்ணிட்டேன்."

விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்யாதவன் அவன்.

வாசலில் லோகு வந்து நின்றார். "மேடம், சேர்மன் கூப்பிடறாரு. உங்களையும், அந்த ரசிகரையும் ஒண்ணா வரச் சொன்னாரு."

பீட்டர் தங்கை முகத்தைப் பார்த்தான். "இப்ப நான் இன்னா சொல்லட்டும்?"

சின்னப்பொண்ணு டீ தம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நட. நானும் வரேன்" என்றாள். "அவன் உள்ள போவசொல்ல பைபிள அவன் கையில எடுத்துக் குடுத்ததே நான்தான்."